மனம் ஒட்டாமல் சொல்லும் செபத்துக்குப் பொருள் உண்டா?

17.02.2024 – கேள்வி (வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்)

சின்ன வயதிலிருந்து பூசைக்குப் போகிறேன். பாதர் தொடங்க முன்னமே அடுத்த வரி வாயில் வந்து நிற்கிறது. சொல்லி முடிந்தபின் என்ன சொன்னாய் என்று கேட்டால் தெரியாது. மனதில் இல்லாததை ஞாயிறுதோறும் வாயால் சொல்வது பொய்தானே? இந்தச் சடங்குகளுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது?

18.02.2024, இரவு

பொய் இல்லை, தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை ஆறுதலாக எழுதலாம்.

நான் மன்னார்ப் பெருநிலப்பரப்பில் ஒரு பங்கில் மறைக்கல்வி படிப்பிக்கிறவள். இன்று தவக்காலத்தின் முதல் ஞாயிறு. எங்கள் மறைப்பாடசாலையிலும் ஒரு பிள்ளை ஏறக்குறைய இதையேதான் கேட்டது. அதற்கு என் அம்மம்மாவின் கதையைச் சொன்னேன்.

அம்மம்மா வளர்ந்தது இலத்தீன் பூசையில். சுவாமி, அதாவது பாதர், சனத்துக்கு முதுகு காட்டி, பீடத்தைப் பார்த்து நிற்பார். அவர் திரும்பி "தோமினுஸ் வோபிஸ்கும்" என்றால், பெடியங்கள் "எத் கும் ஸ்பிரித்து தூவோ" என்பார்கள். அம்மம்மாவுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்காது. செபமாலையை உருட்டிக்கொண்டிருப்பார், மணி அடித்தால் தலை குனிவார். 1960களின் நடுப்பகுதியில் பூசை தமிழுக்கு வந்தது. அது எப்படி இருந்தது என்று கேட்டேன். "இப்பதான் சுவாமி என்ன கதைக்கிறார் எண்டு எனக்கு விளங்குது. நான் கதைச்சது அவருக்கு முந்தியே விளங்கினதுதானே" என்றார். அந்த "அவர்" சுவாமி அல்ல.

இயேசு கடைசி இராவுணவில் "என்னை நினைத்துக்கொண்டிருங்கள்" என்று சொல்லவில்லை. "இதை என் நினைவாகச் செய்யுங்கள்" என்றார். நினைவு ஓடிப் போகும், திரும்பி வரும். செய்வது கையில் இருக்கிறது. உங்கள் வாய் தானாக அடுத்த வரிக்குப் போகிறது என்றால், நீங்கள் பல காலமாகச் செய்து வந்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

19.02.2024

ஒரு சின்ன விஷயத்திலிருந்து தொடங்குவோம். காணிக்கை நேரத்தில் பாட்டுப் போய்க்கொண்டிருக்கும், காசுத்தட்டு சுற்றும், ஒருவரும் பீடத்தைப் பார்க்க மாட்டோம். அந்த நேரத்தில் பாதர் கிண்ணத்து இரசத்தில் ஒரு துளி தண்ணீர் விடுவார். விடும்போது தனக்குள் ஒரு செபம் சொல்வார்: நமது மனித இயல்பில் பங்குகொள்ளத் திருவுளமான கிறிஸ்துவின் இறை இயல்பில் நாமும் பங்குபெற வேண்டும் என்று. இரசம் அவர், தண்ணீர் நாங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் முன்வாங்கில் இருத்தி, அந்தத் துளியை மட்டும் பாருங்கள் என்றேன். பூசை முடிந்ததும் ஒரு பெடியன் பாதரிடம் ஓடிப்போய், "அந்தத் தண்ணியைத் திருப்பி எடுக்கேலுமோ?" என்று கேட்டான். ஏலாது. சடங்கின் பொருள் முழுவதும் அந்த "ஏலாது"வில் இருக்கிறது. நான் ஒரு மணித்தியாலம் படிப்பித்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

20.02.2024

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பொருளைக் காட்டுவதற்காகவே தண்ணீர் விடத் தொடங்கினார்கள் என்ற எண்ணம் வரும்படி எழுதிவிட்டேன். அக்காலத்து மக்கள் சாப்பாட்டு மேசையிலேயே இரசத்தில் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள். வழக்கம் முதலில், விளக்கம் பிறகு. 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் புனித சிப்பிரியான் ஒரு கடிதத்தில், தண்ணீர் மக்கள், இரசம் கிறிஸ்துவின் இரத்தம், இரண்டையும் பிரிக்க முடியாது என்று எழுதினார். சிலுவையில் ஈட்டியால் குத்தப்பட்டபோது வழிந்த இரத்தமும் தண்ணீரும் என்று பொருள் கொள்பவர்களும் உண்டு. ஆர்மீனியத் திருச்சபையினர் தண்ணீரே கலப்பதில்லை.

இந்தத் திருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டு மேசையில் செய்த ஒன்றைத்தான் பீடத்துக்கும் கொண்டுபோனார்கள்.

25.02.2024

இதை எழுதுவதா விடுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன். எழுதுகிறேன்.

2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில் எங்களுக்கு ஒரு தறப்பாள் கூடாரம். இரண்டு குடும்பம், ஒன்பது பேர். பகலில் தறப்பாள் கொதிக்கும், அந்த மணம் சோற்றிலும் ஏறும். ஞாயிறு பூசைக்கென்று நாலு தடி நட்டு இன்னொரு தறப்பாளை இழுத்துக் கட்டினோம். பீடம் ஒரு மேசை. பீடத்து விரிப்பு யாரோ ஒரு அக்காவின் சேலை, கரையில் தையல் பிரிந்திருந்தது.

பாதர் அப்பத்தை உயர்த்திக் காட்டியதும் எல்லாரும் தொடங்கினோம்: "ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருளிவர..." பக்கத்தில் நின்ற அம்மாவின் குரல் "இல்லத்தில்" என்ற சொல்லோடு நின்றுவிட்டது. பிறகு கேட்டேன். "வீடு எண்டு சொல்ல வாய் வரேல்ல, பிள்ளை" என்றார்.

எங்கள் கோயிலில் சிலர் "இல்லத்தில்" என்பார்கள், சிலர் பழக்கத்தில் "உள்ளத்தில்" என்பார்கள். ஒரே வாங்கிலிருந்தே இரண்டும் கேட்கும். இலத்தீன் மூலத்தில் என்ன இருக்கிறது என்று பல காலம் கழித்து ஒரு பாதர் சொல்லித்தந்தார்: "சுப் தெக்தும் மேயும்". என் கூரையின் கீழ். வீடும் இல்லை, உள்ளமும் இல்லை, கூரை. கூரை எங்களிடம் இருந்தது. அதன் நாலு மூலையையும் நான்தான் கயிறு போட்டுக் கட்டினேன். அதற்குக் கீழே அவர் வந்தார் என்றுதான் அந்தப் பூசையை இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் அப்போது எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சொற்கள் யாருடையவை? மத்தேயு நற்செய்தி 8ஆம் அதிகாரத்தில் வருகிற நூற்றுவர் தலைவருடையவை. படை அதிகாரி. வேற்று இனம். "நான் செல்க என்றால் செல்கிறார்" என்று தன் படைவீரரைப் பற்றிச் சொல்கிறவர். எங்களைச் சுற்றிக் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் சீருடை. ஒரு சீருடைக்காரர் சொன்ன சொல்லை நான் ஏன் நற்கருணை வாங்கமுன் சொல்ல வேண்டும்? இரண்டு ஞாயிறு அந்த வரியில் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு அம்மா சொன்னார். "இல்லத்தில்" என்பதைத் தாண்டி, அடுத்த வரிக்குப் போய், "ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும்" என்றார். அப்போதுதான் எனக்குப் பட்டது. அந்த அதிகாரி தனக்காகக் கேட்கவில்லை. கண்ணுக்கு எட்டாத இடத்தில் கிடக்கிற ஒருவனுக்காகக் கேட்டார். நீர் வரவும் வேண்டாம், ஒரு வார்த்தை போதும் என்றார். எங்கள் தம்பி, போர் முடிந்த அந்த மே மாதம் எங்களோடு வெளியே வரவில்லை. அம்மா கேட்டுக்கொண்டிருந்ததும் ஒரு வார்த்தைதான்.

தம்பி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த வரியை அம்மா நாற்பது வருடமாக மனம் ஒட்டாமல் சொல்லியிருப்பார். மனம் ஒட்டின நாளில் சொல்வதற்கு அது வாயில் இருந்தது.

27.02.2024

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஐயா பதில் எழுதியிருக்கிறார். கப்பர்நாகூம் அப்போது ஏரோது அந்திப்பாவின் ஆட்சிக்குள் இருந்தது, ஆகையால் அந்த நூற்றுவர் தலைவர் நேரே உரோமைப் படையில் இருந்திருக்க வேண்டும் என்றில்லை, ஏரோதின் படையிலும் இருந்திருக்கலாம் என்கிறார். சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். லூக்கா 7ஐயும் காட்டியிருக்கிறார்: அங்கே யூத மூப்பர்களே அவருக்காக வந்து பரிந்து பேசுகிறார்கள், "நம் மக்கள்மீது அன்புள்ளவர், நமக்குத் தொழுகைக்கூடமும் கட்டித் தந்திருக்கிறார்" என்று.

வாசித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். முகாமில் இதை யாராவது சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்குமா? இருந்திராது. நல்லவர் என்று காட்டி அவர் சொல்லை என் வாயில் வைப்பது எனக்கு இலேசான வழியாகப் படுகிறது. அவர் நல்லவரோ இல்லையோ, இயேசு வியந்தது அவருடைய நம்பிக்கையைக் கண்டு. திருச்சபை அந்தச் சொல்லை எடுத்து எல்லார் வாயிலும் வைத்திருக்கிறது. சீருடை போட்டவரும் பூசைக்கு வந்தால் அதையேதான் சொல்ல வேண்டும். "நான் தகுதியற்றவன்" என்று அவரும், "தகுதியற்றவள்" என்று நானும். இதை நான் முழுதாகச் சீரணித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன்.

02.03.2024

கொஞ்சம் இலேசானது. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசின சாம்பலை வீட்டுக்குப் போகும் வழியில் கழுவலாமா என்று ஆறு வயதுப் பிள்ளை ஒன்று கேட்டது. ஏன் என்றேன். "குளத்துக்குக் குளிக்கப் போகோணும்." போய்க் குளி என்றேன். அந்தச் சாம்பல் போன வருடத்துக் குருத்தோலையை எரித்தது என்று சொன்னதும் அதற்குக் கண் விரிந்தது. ஓசன்னா பாடித் தூக்கிக்கொண்டு போன அதே ஓலை.

09.03.2024

"செபமாலைதான் எல்லாவற்றிலும் வாயளவு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 53 தரம் ஒரே மன்றாட்டு. ஓம்.

அம்மம்மா அதைப் பழைய தமிழில், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று சொல்வார். நாங்கள் "அருள் நிறைந்த மரியே". எந்தத் தமிழானாலும் முடிவு ஒன்று: "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்". அந்த முடிவு 1568இல், குருக்கள் நாளும் சொல்லும் திருப்புகழ்மாலைச் செப நூலில் இந்த வடிவத்தில் நிலைபெற்றது.

போரின் கடைசி மாதங்களில், வலைஞர்மடத்தில் பங்கருக்குள் பதினொரு பேர். மேலே மண்மூட்டை, பக்கத்தில் சேலையில் தைத்த மண்மூட்டை. செபமாலை எங்கோ விழுந்துவிட்டது, விரலில் எண்ணினோம். "இப்பொழுது" என்றும் "மரண நேரம்" என்றும் இரண்டு நேரத்தைப் பிரித்துச் சொல்லிப் பழகிய மன்றாட்டு அது. அங்கே இரண்டும் ஒரே நேரம். ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் அந்த வரிதான் எங்களுக்கு அளவு. அந்த இருட்டுக்குள் சொந்தமாகச் செபம் யோசிக்க ஒருவராலும் முடிந்திராது. என்னால் முடியவில்லை.

29.03.2024, பெரிய வெள்ளி

இன்று பூசை இல்லை. இன்றும், நாளை இரவுத் திருவிழிப்பு வரைக்கும், திருச்சபை பூசை ஒப்புக்கொடுப்பதில்லை. நேற்று வசீகரம் செய்து வைத்த நற்கருணையைத்தான் இன்று தருவார்கள். பீடம் வெறுமை. மணி இல்லை. பாதர் வந்து ஒரு சொல்லும் சொல்லாமல் நிலத்தில் முகம் குப்புற விழுந்து கிடந்தார். எங்கள் கோயில் சீமெந்துத் தரை, ஓரிடத்தில் வெடிப்பு. அதற்கு மேலே கிடந்தார்.

சடங்குகள் எல்லாம் பேச்சு என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

01.04.2024

திருத்தம்: மேலே "வசீகரம்" என்று எழுதியது எங்கள் வீட்டுப் பழைய பேச்சு. இளையவர்களுக்கு "அர்ச்சிப்பு" என்றால் விளங்கும்.

ஈஸ்டருக்கு முந்தின சனி இரவைப் பற்றி எழுத வேண்டும். வெளியே புதிய நெருப்பு. பாஸ்காத் திரியில் சிலுவை கீறி, அகரமும் னகரமும் எழுதி, இந்த வருடத்தின் நாலு இலக்கத்தையும் பதித்து, ஐந்து சாம்பிராணி மணிகளைச் செருகுவார்கள். ஐந்து காயம். 2, 0, 2, 4 என்று பாதர் ஒவ்வொன்றாய்ப் பதித்தபோது, வருடக் கணக்கும் ஆண்டவருடையதுதான் என்று எனக்கு எப்போதும்போல் உடம்பு சிலிர்த்தது.

பிறகு இருட்டில் அந்தத் திரிக்குப் பாடுகிற புகழுரை. அதன் இலத்தீன் மூலத்தில் தேனீ வருகிறது. இந்தத் திரிக்கு மெழுகைத் தந்த தாய்த் தேனீ என்று, வருடத்தின் மிகப் பெரிய இரவில், நிறுத்தி ஒரு பூச்சிக்கு நன்றி சொல்கிறார்கள். இதை அறிந்த நாளில் நான் அப்பாவை நினைத்தேன்.

அப்பா மடுக் காட்டுப் பக்கம் தேனுக்குப் போகிறவர். மரப்பொந்துக்குப் புகை காட்டி, கையை விட்டு வதையை எடுப்பார். கொஞ்ச வதையை மரத்திலேயே விட்டுவிட்டுத்தான் இறங்குவார். வீட்டில் தேனைப் பிழிந்தபின் சக்கையைப் பழைய பானையில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைப்பார். ஆறினதும் மெழுகு மேலே மஞ்சள் அடையாகத் திரண்டிருக்கும். அடியில் ஊத்தை ஒட்டியிருக்கும், அதைக் கத்தியால் சுரண்டுவது என் வேலை. அந்த அடையை வாழையிலையில் சுற்றிக் கோயிலுக்குக் கொடுப்பார். ஏன் தேனைக் கொடுக்காமல் மெழுகைக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். "தேன் குடிக்க. மெழுகு எரிய" என்பார். அவர் அந்தப் புகழுரையின் இலத்தீனைக் கேட்டிருப்பார், விளங்கியிருக்காது.

14.04.2024

"கோதுமை அப்பம் ஏன், எங்கள் அரிசி ஏன் கூடாது?" என்று கேட்டவருக்கு: திருச்சபைச் சட்டம் 924ஆம் பிரிவு அப்பம் கோதுமையில் மட்டும், இரசம் திராட்சையில் மட்டும் என்கிறது. இயேசு எடுத்த பொருளையே எடுப்பது என்பதுதான் காரணம். வன்னியில் கோதுமை விளையாது. "நிலத்தின் விளைவும் மனித உழைப்பின் பயனும்" என்று பாதர் சொல்லும்போது நான் காலபோக நெல்லைத்தான் நினைக்கிறேன். தைமாதத்தில் புதிர் நெல்லைக் கடகத்தில் கொண்டுவந்து அதே பீடத்துக்கு முன்னால் வைக்கிறோமே, அதுவும் போதும் எனக்கு.

19.05.2024, தூய ஆவி திருநாள்

இந்த வருடம் மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள், திருநாளுக்கு முந்தின நாளாக வந்தது. நேற்றுக் காலை கஞ்சி காய்ச்சினோம். அரிசி, உப்பு, தண்ணீர். தேங்காய்ப்பால் இல்லை. 2009இல் எப்படியோ அப்படி. சிரட்டையில் ஊற்றி வழியில் போன எல்லாருக்கும் கொடுத்தோம். பின்னேரம் பூசை.

முதல் குறிப்பில் "நினைவாகச் செய்யுங்கள்" என்பதை விட்ட இடத்திலிருந்து பிடிக்கிறேன். அங்கே கிரேக்கத்தில் உள்ள சொல் "அனாம்னேசிஸ்". அதற்குப் பின்னால் இருப்பது யூதரின் பாஸ்கா விருந்து. விடுதலைப் பயணம் 12ஆம் அதிகாரத்தில், "இந்த வழிபாடு எதற்கு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறது. வவுனியாத் தம்பி கேட்ட கேள்வியேதான். தலைமுறைதோறும் ஒவ்வொருவரும் தானே எகிப்திலிருந்து வெளியேறியதாக எண்ண வேண்டும் என்பது யூத மரபு. கசப்புக் கீரையை ஏன் உண்கிறார்கள்? கதையை நாக்கு மறக்கக் கூடாது என்று.

நேற்று என் மகள் சிரட்டையை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு மட்டுமா?" என்றாள். அவள் பிறந்தது 2011இல். ஓம், உப்பு மட்டும். இரண்டாவது வாயைக் குடித்தாள், ஒன்றும் பேசவில்லை. நான் எத்தனையோ தரம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். நேற்றுத்தான் அது அவளுக்குள் போனது.

கஞ்சியும் நற்கருணையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கஞ்சியில் நாங்கள் அவர்களை நினைக்கிறோம். நற்கருணையில் அவரே வருகிறார், அதுதான் எங்கள் விசுவாசம். ஆனால் "நினைவாக" என்றால் என்ன என்று எனக்குப் படிப்பித்தது அந்தச் சிரட்டை. அதை மறைக்க மாட்டேன்.

03.07.2024

மடு மாதா கோயிலிலிருந்து வந்து களைத்துப்போய் இருக்கிறேன். நேற்று ஆடித் திருவிழா. மாதாவுக்கு 1924 யூலை 2இல் முடி சூட்டி நூறு வருடம். எள் போட்டால் எள் விழாத சனம்.

மடு மண்ணை ஏன் கட்டிக்கொண்டு போகிறீர்கள், இது மூடநம்பிக்கை இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். மாதாவின் சொரூபமே இடம்பெயர்ந்து வந்ததுதான். ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 2008 ஏப்ரலில் மறுபடி தேவன்பிட்டிக்குப் போனது, ஓகஸ்டில் திரும்பியது. எங்களைப் போல மூட்டையோடு அலைந்த ஒரு தாய் நின்ற மண் அது. அம்மா ஒரு பிடி எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்தார். நான் தடுக்கவில்லை, நானும் எடுத்தேன்.

03.11.2024

நேற்று மரித்தோர் திருநாள். இதோடு நிறுத்துகிறேன், அம்மாவின் உடம்பு சரியில்லை, எழுத நேரம் கிடைப்பதில்லை.

நற்கருணை மன்றாட்டில் இரண்டு இடம் உண்டு. ஒன்றில் உயிரோடு இருப்பவர்களை நினைக்கிறோம், மற்றதில் இறந்தவர்களை. பூசைக்குக் கொடுக்கும் கொப்பியிலும் அப்படியே இரண்டு பக்கம்: வேண்டுதல் ஒரு பக்கம், ஆன்ம இளைப்பாற்றி மறுபக்கம். பதினைந்து வருடமாக அம்மா தம்பியின் பெயரை இரண்டாவது பக்கத்தில் எழுத விட்டதில்லை. "நித்திய இளைப்பாற்றி" என்று சொல்லும்போது அவருடைய வாய் அசையாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் வீதியோரம் இருக்கத் தொடங்கியபோது, படத்தை மடியில் வைத்துக்கொண்டு போய் இருந்தார். ஒரு வார்த்தை வரவில்லை. கூட இருந்த பலர் அந்த வார்த்தை வராமலே போய்விட்டார்கள்.

போன கிழமை என்னைக் கூப்பிட்டு, தம்பியின் பெயரைப் பூசைக்குக் கொடு என்றார். எந்தப் பக்கத்தில் எழுத என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவரே சொன்னார்: "தனித்தாளில எழுது. பேர் மட்டும். எந்தப் பக்கம் எண்டு அவருக்குத் தெரியும்."

கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதி, பாதரின் கையில் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன். அவர் தாளை மடித்துப் பூசைப் புத்தகத்துக்குள் வைத்தார்.

நேற்று மற்றப் பெயர்களை எல்லாம் வாசித்து முடித்து, சற்று நிறுத்தி, அந்தத் தாளை எடுத்தார். பெயரை வாசித்தார். முன்னுக்கும் ஒன்றும் சேர்க்கவில்லை, பின்னுக்கும் ஒன்றும் சேர்க்கவில்லை. அம்மா கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தார், முடியவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். நற்கருணைக்கு முன் எல்லாரும் அந்த வரியைச் சொன்னோம். "ஒரு வார்த்தை மட்டும்" என்ற இடத்தில் அவருடைய குரல்தான் எனக்குப் பெரிதாகக் கேட்டது.